சோபாவுக்காகத் தீ கக்கினேன்

வருகிற ஞாயிற்றுக்கிழமை டிராகனாக மாறி, மூன்று பேரைத் தின்றுவிட்டு, நிம்மதியாகத் தூங்குவது என்று முடிவு செய்தேன்.

பயப்படாதீர்கள். நான் டவுன் பஸ் டிரைவர். வாரத்தில் ஆறு நாள் ஹாரன், புகை, படியில் தொங்குகிறவர்கள், சில்லறைச் சண்டை. ஏழாம் நாள் சாப்பிட்டுவிட்டு ஹால் சோபாவில் விழுந்தால் உலகமே எனக்கு மறந்துபோகும். உள் அறையில் தூங்கக் கூடாதா என்பீர்கள். மத்தியான வெயிலில் அந்த அறை அடுப்பு. ராத்திரியில்தான் அது அறை.

ஆனால் சில மாதமாக அந்த சோபா என்னுடையதாக இல்லை. எங்கள் ஒரே மகள் ஊரின் மறுகோடியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள். தனியாக வந்தால் பரவாயில்லை. கூடவே தாடி வைத்த ஒருவன், கண்ணாடி போட்ட ஒருத்தி, சதா தும்முகிற ஒருவன் என்று ஒரு படையே வரும். மேஜையில் பெரிய வரைபடத்தை விரிப்பார்கள். அதன்மேல் விரல் உயரத்துக்குப் பொம்மைகள். பச்சையாய் ஒரு குட்டிப் பூதம். எலும்புக்கூடு. பெட்டி மாதிரி சும்மா உட்கார்ந்திருந்து, திறக்க வருகிறவன் கையைக் கடிக்கும் ஒரு பிராணி. எங்கள் பீரோவும் அப்படித்தான், ஆனால் அதை வைத்து யாரும் விளையாடுவதில்லை.

ஆளுக்கொரு வேஷம். ஒருவன் வீரன், ஒருத்தி திருடி. இருபது முகம் உள்ள பகடையை உருட்டி வெட்டுவார்கள், குத்துவார்கள், "செத்தேன்!" என்று என் காதருகே அலறுவார்கள். மகள்தான் கதையை நடத்துகிறவள். பஸ்ஸில் கண்டக்டர் மாதிரி. அவள் விசில் கொடுத்தால்தான் எதுவும் நகரும்.

போன ஞாயிறு பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"வேற இடமே கிடைக்கலையாம்மா உங்களுக்கு?"

"எங்க வீட்டு மாடி இருக்கு அங்கிள். கொசுதான் ஜாஸ்தி" என்றான் தாடி.

"கொசுவைக் கொல்லத் தெரியாதவன் டிராகனை எப்படிடா கொல்லுவே?"

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, ஒரு பந்தயம். அடுத்த வாரம் கிரீடத்தைக் காவல் காக்கிற டிராகன் வருது. அது நீங்கதான். எல்லாரையும் நீங்க தின்னுட்டா நாங்க மாடிக்குப் போயிடறோம். அவங்க கிரீடத்தை எடுத்துட்டா ஹால் எங்களுக்கு. அப்புறம் முனகக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். அன்று ராத்திரி மனைவி பாயை உதறிப் போட்டபடியே கேட்டாள்.

"மாடிக்குப் போயிட்டா, அவ இங்க எதுக்குங்க வரப்போறா?"

"அம்மாவைப் பார்க்க வருவா."

"நீங்க உங்க அம்மாவைப் பார்க்க எத்தனை தடவை போனீங்க?"

பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் குறட்டை விடுவது வழக்கம். விட்டேன். அவள் வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்து கடவுளிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். யார் பக்கம் பேசினாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. தும்முகிறவன் வரவில்லை, காய்ச்சலாம். என் கட்சிக்கு நல்ல சகுனம்.

"ஆள் குறையுதே" என்றாள் கண்ணாடி.

"அம்மாவை உட்கார வைங்க" என்றேன் பெருந்தன்மையாக. ஒன்றும் தெரியாத ஆள் ஒன்று இருந்தால் சீக்கிரம் தின்று முடிக்கலாம் அல்லவா?

"ஐயோ, எனக்கு அடிக்கவெல்லாம் வராதும்மா" என்றாள் மனைவி.

"நீ வைத்தியச்சிம்மா. காயம் பட்டவங்களுக்கு மருந்து போடு, போதும்." மகள் அவளுக்கு ஒரு குட்டிப் பொம்மையைக் கொடுத்தாள். மனைவி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

எனக்குச் சிவப்பாய், சிறகு விரித்து, வாயைப் பிளந்த பொம்மை. "கிரீடம் டிராகனோட காலடியில இருக்கு. கால் தரையில இருக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொட முடியாது" என்றாள் மகள். "இன்னொண்ணுப்பா. மேஜைக்கு ஒரே சட்டம்தான். உட்கார்ந்துக்கிட்டு நீங்க என்ன சொன்னாலும், என்ன செஞ்சாலும், அது டிராகன் சொன்னது, டிராகன் செஞ்சது."

"சரி சரி. விசிலைக் கொடு."

என்ன சுகம் தெரியுமா? ஆறு நாள் பயணிகளிடம் வாங்கிய திட்டையெல்லாம் நெருப்பாக்கிக் கக்கினேன். பகடையும் என் பக்கம். தாடியின் கேடயம் உருகியது. அவனுடைய வீரன் ஒரு பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். திருடி மயங்கி விழுந்தாள். வைத்தியச்சி மருந்து போட்டு எழுப்பினாள். நான் மறுபடி விழவைத்தேன். மறுபடி எழுப்பினாள். வீட்டிலும் நான் உடைப்பதை அவள்தான் ஒட்டவைப்பாள், எனக்கு அது புதிதில்லை.

"அம்மா, மருந்து தீர்ந்துபோச்சு. இப்ப நீ என்ன செய்யறே?"

"டிராகன்கிட்டப் பேசலாமா?"

"பேசலாம்."

மனைவி தொண்டையைச் செருமினாள். "என்னங்க டிராகன், மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

கண்ணாடி களுக்கென்று சிரித்தாள்.

"இன்னும் இல்லை. உங்களைத்தான் சாப்பிடப் போறேன்!" என்று கர்ஜித்தேன்.

"தனியாவா இருக்கீங்க?"

"முந்நூறு வருஷமா!"

"பாவம். அதான் குகை இப்படிக் கிடக்கு." அவள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தரையெல்லாம் பிஸ்கட் தூள். எழுந்து போய் விளக்குமாற்றோடு வந்தாள். நான் பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு பெருமூச்சு, மூவரும் சாம்பல். அப்புறம் என் சோபா.

"காலைத் தூக்குங்க, கூட்டணும்."

தூக்கினேன்.

இரண்டு காலையும். மேட்டில் நிற்கிற பஸ்ஸில் இடியே விழுந்தாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதவன் நான். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட குரல் அது. காதில் விழுந்ததும் முழங்கால் தானாகவே மேலே போய்விட்டது.



"டிராகன் காலைத் தூக்கிடுச்சு!" என்று கத்தினாள் மகள்.

"கிரீடத்தை எடுத்துட்டேன்! ஓடிட்டேன்!" என்றாள் கண்ணாடி.

"ஏய், அது நான்! டிராகன் இல்லை!"

"மேஜைச் சட்டம்ப்பா."

"அவ சும்மா வீட்டைக் கூட்ட வந்தாம்மா!"

"நான் வைத்தியச்சியாத்தாங்க சொன்னேன்" என்றாள் மனைவி, கூட்டிக்கொண்டே. "குப்பையில இருந்தா நோய் வராதா?"

தாடி எழுந்து நின்று அவளைக் கும்பிட்டான். "ஆன்ட்டி, இந்த மந்திரம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"கல்யாணப் பத்திரிகையில" என்றேன் நான். வேறு யார் சொல்வது?

அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

"வேணும்னேதானே செஞ்சே?"

"எதைங்க?"

"சாப்பாடு முடிஞ்ச உடனேயே ஹாலைக் கூட்டினியே. நான் பார்த்தேன். அப்புறம் அவ்வளவு பிஸ்கட் தூள் எப்படி வந்துச்சு? யார் நொறுக்கினது?"

அவள் குழாயைத் திறந்து தட்டு கழுவ ஆரம்பித்தாள். வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவினாள்.

"நாலு பிஸ்கட்தாங்க. கடவுள் மன்னிச்சிடுவார்" என்றாள் மெதுவாக. "வாரத்துக்கு ஒரு நாள்தான் அவ முகத்தைப் பார்க்கிறேன். அதையும் கொசுவுக்குக் கொடுக்கச் சொல்றீங்களா?"

எனக்கு நெருப்பும் வரவில்லை, புகையும் வரவில்லை. பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்து அடுக்கினேன்.

வாசலில் மகள் வந்து நின்றாள். பந்தயத்தில் ஜெயித்த முகம் இல்லை, சின்ன வயதில் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு அடம்பிடித்த முகம்.

"அப்பா, டிராகனை நாங்க கொல்லலையே, உயிரோடதானே இருக்கு. தாடி சொல்றான், இந்த மாதிரி கர்ஜனையை அவன் கேட்டதே இல்லையாம். வாராவாரம் நீங்களே இருக்கணும். அடுத்த கதையை நாம ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போமா? சனிக்கிழமை சாயங்காலமே வந்துடறேன். இங்கேயே தங்கிடறேன்."

மனைவி கையிலிருந்த தட்டை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். யோசிக்காமல் ஆட்டிவிட்டேன்.

"அப்போ சனிக்கிழமை ராத்திரி அவளும் நானும் உள் அறையில படுத்துக்கறோம்" என்றாள் மனைவி, முகமெல்லாம் வெளிச்சமாக. "உங்களுக்குத்தான் சோபா வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, ராத்திரி பூரா நல்லா படுத்துக்குங்க."