கற்பனைத் தேர்வும் காய்கறி யானையும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய நாள், அந்த மழலையர் பள்ளி கற்பனைக்குப் பாடத்திட்டம் வகுத்த நாள்தான். அதுவரை குழந்தைகள் எந்த வழிகாட்டுதலும் இன்றி, மனம்போன போக்கில் கற்பனை செய்து சீரழிந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே இடங்கள் நாற்பது, விண்ணப்பங்கள் எண்ணூறு. மகளுக்கு இடம் கிடைக்காவிட்டால் மாமனார் முன்னால் தலைகாட்ட முடியாது என்று அப்பா மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில், பிறர் நிரப்பித் தரும் படிவங்களில் பொய்யைக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். ஆகவே பள்ளிப் படிவத்தை எப்படி நிரப்புவதென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மகளுக்கு நாலரை வயது. வீட்டில் 'வாலு' என்று பெயர். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் அவள் ஒரு யானை வளர்த்து வந்தாள். கேரட் காணாமல் போனால் விசாரணை அந்த யானையிடம்தான் போய் முடியும். இந்த ஒழுங்கற்ற போக்கைக் களையும் பொருட்டு, 'சிறகு முளைத்தால் என்ன செய்வாய்?' என்ற கேள்விக்கு 'உலக சமாதானத்துக்காகப் பறப்பேன்' என்ற 'முறையான கற்பனை'யை அப்பா நூற்றுப் பதினேழு தடவை ஒப்பிக்க வைத்திருந்தார்.

நேர்காணலில் தலைமையாசிரியை விடைக்குறிப்பு சகிதம் வீற்றிருந்தார். எதிர்பார்த்த கேள்வியே வந்தது. வாலு நிதானமாக யோசித்தாள்.

"எல்லா சட்டையிலயும் முதுகுல ரெண்டு ஓட்டை போடணும். அம்மா திட்டுவாங்க. எனக்கு வேணாம், யானைக்குக் குடுத்துடுறேன். அது மாடிப்படி ஏற ரொம்பக் கஷ்டப்படுது."

தலைமையாசிரியை விடைக்குறிப்பைப் புரட்டினார். அதில் மாடிப்படி இல்லை. யானையும் இல்லை. 'கற்பனை போதாது' என்று குறித்துக்கொண்டார். யானை வாசலில் காத்திருப்பதாகவும், அதற்கும் ஒரு படிவம் வேண்டுமென்றும் வாலு தெரிவித்தது நிலைமையைச் சீராக்கவில்லை.

கடைசி முயற்சியாக, படிவத்தை ஒருதரம் பார்க்கும்படி அப்பா கெஞ்சினார். அம்மையார் வாய்விட்டே படித்தார். விடியற்காலை ஐந்து மணிக்குத் தியானம். அப்புறம் மூன்று மொழிகளில் பயிற்சி. மாலையில் சதுரங்கம், வயலின். அடம்பிடித்ததில்லை. இனிப்பு பிடிக்காது. பொழுதுபோக்கு, கலைக்களஞ்சியம். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் 'சேர்க்கப்பட்டார்' என்ற முத்திரை விழுந்துவிட்டது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை கற்பனையை அந்தப் பள்ளி அதற்கு முன் கண்டிருக்காது என்பது உண்மைதான்.

வெளியே வந்ததும் வாலு, யானை முன்னால் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அந்த மிஸ் படிச்சாங்களே, அந்தப் பாப்பா பாவம்ப்பா. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா? என் யானையோட கொஞ்ச நேரம் விளையாடட்டும்."

இரண்டடி நடந்தவள் மறுபடி நின்றாள்.

"அவங்கப்பா விடுவாரா?"