கடலுக்கு எண்ணெய் வைத்த கதை

"சோதினை பாஸ் பண்ணுறது வேற, தண்ணிக்குள்ள இறங்கிறது வேற, பிள்ளை."

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கர்க்லாண்ட் மாமி சொன்னது இது. (கர்க்லாண்டில் இருப்பவர், சொந்த மாமி இல்லை. எங்கள் பங்கில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் மாமிதான்.) அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கரீபியன் தீவுக்குப் போகிறேன், அங்கே கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா படித்துக் கையில் சான்று அட்டையோடு திரும்புவேன் என்று யாரும் கேட்காமலே நான் அறிவித்ததற்குக் கிடைத்த பதில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அப்பா எட்டுவரை படித்ததாகச் சொல்வார். (அம்மா சிரிப்பார்.) மொன்றியலில், லாசால் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாத் தாளும் என்னிடம்தான் வந்து சேரும். வரிப் படிவம், பள்ளிக் கடிதம், மருந்துப் போத்தல், மைக்ரோவேவ் கையேடு, மேல்வீட்டுக்காரி பிரெஞ்சில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன முறைப்பாடு. "பிள்ளையைக் கேள், அவள் படிச்சவள்." இந்த வசனத்தைக் கேட்டே வளர்ந்தால் ஒரு ஆளுக்கு என்ன நடக்குமோ அது எனக்கு நடந்திருந்தது. வேதியியலில் பட்டமும் கிடைத்தபின் என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதே கஷ்டம் என்று அப்பா சொல்லத் தொடங்கினார்.

ஸ்கூபாப் புத்தகத்தை மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் மூன்று தடவை படித்தேன், மூன்று நிறத்தில் கோடு போட்டேன். இணையத்தில் நடந்த எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. அந்தப் புள்ளியைப் படம்பிடித்துப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாமி கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போட்டார்.

பெப்ரவரியில் மொன்றியல்காரர் பாதிப்பேர் "தெற்குக்குப் போறம்" என்று கிளம்புவார்கள். நாங்களும் கிளம்பினோம். அம்மாவுக்கு வாழ்க்கையிலே முதல் விடுமுறை. விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் கட்டிலை அவரே விரித்து, குளியலறையைத் தேய்த்துவிட்டு, "இப்ப இருக்கலாம்" என்றார்.

பயிற்சி நான்கு நாள். இரண்டு நாள் நீச்சல் குளத்தில், இரண்டு நாள் கடலில். கடலில் மொத்தம் நான்கு தடவை இறங்கவேண்டும், அதன் பிறகுதான் அட்டை. நான் அந்த அட்டைக்காகத்தான் வந்தேன். மீன், பவளம் எல்லாம் எனக்கு உபரி.

பயிற்றுநர் யூலியோ, மெலிந்த, பொறுமையான மனிதர். என்னோடு படித்தவர் மார்செல், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி. குளத்தில் நான் ஒரு பிழைகூட விடவில்லை. நீருக்கடியில் மாஸ்கைக் கழற்று என்றால் கழற்றினேன், போடு என்றால் போட்டேன், மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்று என்றால் ஊதினேன். "நீ ஒரு மீன்" என்றார் யூலியோ. அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன், கொஞ்சம் கூட்டி.

மூன்றாம் நாள் காலை, இன்றைக்குக் கடல் என்றதும் அம்மா பெட்டியைத் திறந்தார்.

"இதில இரு பிள்ளை. உப்புத்தண்ணி. எண்ணெய் வைக்காமல் போனால் முடி எல்லாம் கொட்டுண்டிடும்."

"நேரமாகுது அம்மா."

"பேந்து மொட்டையா வந்து நிண்டு அழாத."

இருந்தேன். இங்கே ஒரு விஞ்ஞான விளக்கம் தேவை. மொன்றியல் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாக உறைந்திருக்கும். அம்மா அதைக் கரண்டியால் தோண்டி எடுத்து, கட்டியாக என் உச்சியில் வைத்துத் தேய்ப்பார். அது வைத்த இடத்திலேயே நிற்கும். தீவில் அதே எண்ணெய் தண்ணீராக ஓடியது. ஆனால் அம்மாவின் கையளவு மொன்றியல் அளவுதான். காதுக்குப் பின்னால், நெற்றியில், கழுத்தில் எல்லாம் வழிந்தது. உருகுநிலை பற்றி மூன்று வருடம் படித்தவள் அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் போனேன்.

படகில் யூலியோ கேட்டார்: "முகத்தில் கிரீம், லோஷன், ஏதாவது பூசியிருக்கிறீர்களா? பூசினால் மாஸ்க் வழுக்கும்."

மார்செல் வெட்கத்தோடு கையை உயர்த்தினார். சன்கிரீம். துவாயைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார்கள். நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். எட்டாம் அத்தியாயத்தில், பச்சைக் கோடு போட்ட இடத்தில், தெளிவாக எழுதியிருக்கிறதே!

"நீ?"

"இல்லவே இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைப்பது எங்களுக்கு ஏதோ ஒன்றைப் பூசுவது அல்ல. பல் விளக்கினாயா என்று யாரும் கேட்காவிட்டால் அதை யார் போய்ச் சொல்வார்கள்?

முதல் தடவை இறங்கினேன். மாஸ்க் நிறையத் தண்ணீர். யூலியோ வேறு மாஸ்க் தந்தார். இரண்டாம் தடவை அதுவும் நிறைந்தது. மறுநாள் மூன்றாம் தடவைக்கு, சிறுபிள்ளைகள் போடும் ரோசா நிற மாஸ்க் ஒன்றைத் தந்தார்கள். அது நெற்றியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது.

"குளத்தில் நன்றாகத்தானே செய்தாய்?" யூலியோ தலையைச் சொறிந்தார்.

அவருக்கு நான் விளக்கம் கொடுத்தேன். உப்பு நீரின் அடர்த்தி நன்னீரைவிட அதிகம், ஆகவே மாஸ்கின் விளிம்பில் விழும் அழுத்தம் வேறு, ஆகவே... பதினைந்து வருடமாகக் கடலில் வேலை செய்கிறவருக்கு. மார்செல் மட்டும் தலையாட்டிக் கேட்டார். பாவம், நம்பியும் விட்டார்.

இப்படி மூன்று தடவை தட்டுத்தடுமாறி முடிந்தது. ஆனால் மாஸ்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியை மட்டும் கடலில் இன்னும் செய்து காட்டவில்லை. அதை நான்காம் தடவை செய்தே ஆகவேண்டும். இல்லையென்றால் அட்டை இல்லை. மறுநாள் விமானம்.

கடலில் அந்த இரண்டாம் நாள் அம்மாவும் செபமாலையோடு படகுக்கு வந்திருந்தார். நான்காம் தடவைக்கு முன் என்னைப் பிடித்து இருத்தினார். "தண்ணி உள்ளுக்கு வருதெண்டால் எண்ணெய் காணாது, பிள்ளை."

சிரிக்காதீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எண்ணெயும் நீரும் கலக்காது என்பது வேதியியல்தானே? கைப்பையிலிருந்து போத்தல் வெளியே வந்தது. இரட்டை அளவு.

கடலடி மணலில் முழங்காலில் இருந்தோம். யூலியோ சைகை காட்டினார். மாஸ்கைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன். பட்டி தலையில் நிற்கவில்லை, சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கியது. மறுபடி மாட்டினேன். அது விரல்களுக்கிடையால் நழுவி எங்கோ போய்விட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது மார்செலின் கால். அவர் உதறினார், நான் விடவில்லை, அவருடைய துடுப்புச் செருப்பு கழன்று என் கையோடு வந்தது. யூலியோ என் தோளைப் பிடித்து, மாஸ்கை என் கையில் திணித்து, இன்னொரு தடவை செய் என்று தட்டினார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ணங், ணங், ணங் என்று இரும்புச் சத்தம். உடனே மேலே வா என்று அர்த்தம்.

வந்து பார்த்தால் படகோட்டி இஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்து நிற்கிறார். படகைச் சுற்றி வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். அது பவளப் பாதுகாப்புப் பகுதி. டீசல் ஒழுகினால் அவருடைய அனுமதி போய்விடும். குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன. கடைசியில் குனிந்து கடலில் விரலைத் தொட்டு மணந்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி மணந்தார்.

"தேங்காய்?" என்றார்.

எல்லாக் கண்களும் மெல்ல என் தலைக்குத் திரும்பின. நான் அசையாமல் மிதந்தேன். என்னைச் சுற்றி இன்னொரு வானவில் விரிந்தது.

"என்னவாம் பிள்ளை?" அம்மா படகிலிருந்து கேட்டார்.

"எண்ணெய் மணக்குதாம்."

"ஓம், மணக்கும். கலப்படமில்லாத எண்ணெய், செக்கில ஆட்டினது. சொல்லு அவருக்கு. அவற்ற தலையையும் பார், காய்ஞ்சு போய்க் கிடக்கு." போத்தலை அவரிடம் நீட்டினார்.

பத்து வருடமாக அம்மாவின் சொல்லை எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்து வந்தவள் நான். அன்று மட்டும், "அம்மா மன்னிப்புக் கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

படகோட்டி இஞ்சினைப் பூட்டி முடிக்க நேரம் போய்விட்டது. இனி இறங்க முடியாது என்றார் யூலியோ. நான் படகின் ஓரத்தில் போய் இருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து இருந்தார்.

"நேற்றே கரையில நிண்டு பார்த்தனான், நீ வந்த வழியெல்லாம் தண்ணி மினுங்கினதை."

"பேந்து ஏன் அம்மா சொல்லேல்லை?"

"நீ படிச்ச பிள்ளை. உனக்குத் தெரியாமல் இருக்குமே எண்டு நினைச்சன்."

கர்க்லாண்ட் மாமி ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. மார்செல்தான் சூழ்நிலையைக் காப்பாற்றினார். ஒற்றைச் செருப்போடு வந்து, வழுக்கைத் தலையைக் குனிந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார். "மெர்சி, மதாம்" என்றார் அவர். அதற்குப் பிறகு நான் சிரித்த சிரிப்பில் யூலியோ பயந்துவிட்டார்.

அட்டைக்குப் பதிலாக யூலியோ ஒரு தாள் தந்தார். மூன்று தடவை முடிந்தது, மிச்சத்தை ஒரு வருடத்துக்குள் வேறெங்காவது முடிக்கலாம். என் வாழ்க்கையில் 'முடிக்கவில்லை' என்று எழுதிய முதல் தாள்.

பங்கு மண்டபத்தில் சொல்ல, "காலநிலை சரியில்லை" என்று ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தேன். அம்மா எனக்கு முதலே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நடித்தும் காட்டினார். இன்றுவரை வீட்டில் யாராவது பொரிக்கச் சட்டி வைத்தால் அப்பா முன்னறையிலிருந்து கத்துவார்: "இஞ்சினை நிப்பாட்டுங்கோ, லீக் அடிக்குதாம்!" கனடாவில் பிறந்த மச்சாள்மாரின் பிள்ளைகள், தமிழ் சரியாக வராதவர்கள்கூட, இந்த ஒரு வசனத்தைச் சுத்தமாகச் சொல்வார்கள்.

அந்தத் தாள் பத்து மாதம் மேசை லாச்சிக்குள் கிடந்தது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, நகரத்திலுள்ள ஒரு ஸ்கூபாக் கடைக்குப் போனேன். மிச்சத்தை இங்கே ஒரு ஏரியில் முடிக்கலாமாம், பனி கரைந்தபிறகு. அதற்குள் தாளின் தவணை போய்விடும் என்றதால், முதலில் குளத்தில் ஒரு நாள் பயிற்சி செய்து அதைப் புதுப்பிக்கவேண்டும். கேள்வி ஏதும் உண்டா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். பதினான்கு கேள்வி கேட்டேன். அவளுக்குப் பின்னேர இடைவேளை போய்விட்டது.

குளத்துப் பயிற்சி போன சனிக்கிழமை நடந்தது, பயிற்றுநர் அதே கடைப் பெண்தான். நீருக்கடியில் மாஸ்கைக் கழற்றி, கண்ணைத் திறந்து ஐந்துவரை எண்ணச் சொன்னாள். மங்கலாகத் தெரிந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே முப்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் தோளில் தட்டி நிறுத்தவேண்டியதாயிற்று.