நண்டு பிரேக்கும் நிப்பாட்டி அண்ணனும்

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் சைக்கிள் என்பது நிற்பதற்காகவே செய்யப்பட்ட சாமான் என்று நம்பியவர், நானுஓயாவிலிருந்து அட்டன் வரைக்கும் தேடினாலும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்து நிப்பாட்டி அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எனக்கு அது தெரியாது. அவருடைய சம்சாரமே "எங்க வீட்டு நிப்பாட்டி" என்றுதான் சொல்லும். வேலை, தேயிலைப் பெக்டரியில் பட்டை தைப்பது. இயந்திரங்களைச் சுற்றுகிற நீளமான தோல் பட்டை அறுந்தால் அதைத் தைத்துப் பூட்டுகிறவர் அவர். பட்டை கழன்றுவிட்டால், அந்த இரைச்சலிலும் இன்ஜின்காரருக்குக் கேட்கும்படி "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்த வேண்டும். வருடக்கணக்காகக் கத்தி, அந்தச் சொல் அவர் வாயிலேயே தங்கிவிட்டது. பெக்டரிக்கு வெளியிலும் அசைகிற எதைக் கண்டாலும் கையை நீட்டி நிறுத்துவார். லொறியை நிறுத்தி டயரைத் தட்டிப் பார்ப்பார். மாட்டு வண்டியை நிறுத்தி அச்சாணியை ஆட்டிப் பார்ப்பார். ஒரு வருடம் மாரியம்மன் திருவிழாவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். பத்து அடிக்கு ஒரு தரம் நிறுத்தினார். சாயந்தரம் கோயிலுக்குத் திரும்ப வேண்டிய அம்மன், மறுநாள் விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தாள்.

"என்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டால், "எறக்கத்துல பாறாங்கல்லு கூட ஓடும் தம்பி. அதுக்கென்னா படிப்பா வேணும்? நிக்க வைக்கத்தான் மனுசன் வேணும்" என்பார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தோட்டத்துக்கு நான்தான் தப்பால்காரன். ஆபீஸ் கடிதங்களையும் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கடிதங்களையும் பையில் போட்டு நானுஓயாவுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே வந்திருப்பதை வாங்கி வர வேண்டும். அதற்கு முன்னால் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் கத்தி, பின்னால் கங்காணி. தப்பால் வேலையில் பின்னால் யாரும் இல்லை. பேசக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. பேச வேண்டியதையெல்லாம் கடிதங்களே பேசிக்கொள்ளும்.

அந்த நேரத்தில்தான் உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னத்தொரை தன் ஊருக்குக் கப்பலேறினார். அவர் விட்டுப்போன சைக்கிளை ஆபீசில் வாங்கி வைத்தார்கள். எங்கள் பக்கத்து சைக்கிள் மாதிரியே இல்லை. டயர் இரண்டு விரல் அகலம்கூட வராது. ஹேண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்து கீழே தொங்கியது. பெரிய கிளாக்கர் ஐயா ஆசையாக ஏறி, ஆபீசை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிட்டார்.

"மூஞ்சி மண்ணப் பாக்குது, முதுகுக்குக் கீழ உள்ளது வானத்தப் பாக்குது. கவுரவமான ஆளு ஏறுற சாமானாய்யா இது? தப்பால்காரன்கிட்டக் குடுங்க."

இப்படியாக அது என்னிடம் வந்தது.

மற்ற சைக்கிள்களில் இரும்புக் கம்பி பிரேக்கு இருக்கும். இதில் இருந்தது வேறு சாதி. ரிம்முக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ஹேண்டிலில் உள்ள பிடியை அழுத்தினால் மெல்லிய கம்பி ஒன்று இழுக்க, இரண்டு கையும் சேர்ந்து ரிம்மைக் கவ்வும். நண்டு கவ்வுகிற மாதிரியே இருக்கும். அதனால் நண்டு பிரேக்கு என்று பெயர் வைத்தோம். சின்னத்தொரை காலத்திலேயே நண்டுக்கு வயதாகிவிட்டது. ரப்பர் கட்டை தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டு மாதிரி இருந்தது. மழை பெய்தால் கவ்வவே கவ்வாது. எங்கள் ஊரில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். இறக்கத்தில் குதிகாலை டயரில் வைத்துத் தேய்த்துத்தான் நிறுத்துவேன். நானுஓயா ஸ்டேசனில் சிங்களப் போர்ட்டர் ஒருவர் என் குதிகாலைப் பார்த்துவிட்டு, "மல்லி, பிரேக் நெத்த?" என்று பரிதாபமாகக் கேட்பார். தம்பி, பிரேக் இல்லையா என்று அர்த்தம். பிரேக் இல்லை என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு, சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு நாள் நல்ல தூறல். பெரட்டுக்களத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்து நான் வருகிறேன். குதிகாலை வைக்கிறேன், வழுக்குகிறது. பிடியை அழுத்துகிறேன், நண்டு சும்மா இருக்கிறது. "வெலகுங்க! வெலகுங்க!" என்று மனதுக்குள்தான் கத்தினேன், வாயில் வரவில்லை. பெண்கள் கூடையோடு சிதறினார்கள். கணக்கப்பிள்ளை ஐயா எழுதிக்கொண்டிருந்த மேசை மேலேயே தாவி ஏறினார். நான் மேசைக்கும் தராசுக்கும் நடுவில் புகுந்து, நிறுத்துக் கொட்டிய கொழுந்துக் குவியலில் தலை வரைக்கும் போய்ச் செருகினேன். தலையை வெளியே எடுத்தபோது முதலில் தெரிந்தது இரண்டு பூட்ஸ். தோட்டத்து மேனேஜரான பெரியதொரை.

"ஏய் தப்பால்! சனிக்கிழமே மூணு மணி. இந்த எடம். சைக்கிள் நிக்கணும். நான் பாக்குறது. நிக்க இல்லே, நீ மலேக்கிப் போ. கவ்வாத்துக் கத்தி எடு."

"அப்பிடிச் சொல்லுங்க தொரே!" என்றார் மேசை மேல் நின்ற கணக்கப்பிள்ளை.

அன்று திங்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக நிப்பாட்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் குப்புறப் படுத்து, நண்டுக்கு நேரே கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்தபோது முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"தம்பி, இவ்வளவு நாளா இத எங்கடா மறைச்சு வச்சிருந்த?"

"ஆபீஸ்லதாண்ணே நின்னுச்சு."

"நின்னுச்சா? யாரு நிப்பாட்டுனா? சாத்தி வச்சிருப்பானுங்க. சாத்தி வைக்கிறது நிக்கிறதில்ல!"

அன்றே நண்டைக் கழற்றிவிட்டார். முன்பக்கத்து நண்டு, பின்பக்கத்து நண்டு, ஸ்பிரிங்கு, திருகாணி, நட்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் தூள் போட்டுத் தேய்த்து, ஒரு படங்குச் சாக்கில் வரிசையாகப் பரப்பினார். பக்கத்தில் நின்று தும்மக்கூட விடவில்லை. எண்ணிப் பார்த்தார். ஒரு சின்ன நட்டைக் காணவில்லை.

அந்தப் பக்கமாகப் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவின் கோழி நடந்து போனது. நிப்பாட்டி அண்ணன் மெதுவாக எழுந்தார்.

"பேச்சி, ஒன் கோழி என் நட்ட முழுங்கிருச்சு."

"அட இவரே! கோழி என்னாத்துக்கு நட்டு முழுங்குது? அதுக்கு என்னா சைக்கிளா ஓடுது வயித்துல?"

"அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"கிட்ட வந்து பாரு! ஒன் கையில பிரேக்குப் போட்டுருவேன்!"

அறுக்க விடவில்லை என்பதால் காவல் இருந்தார். கோழியின் காலில் கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் தன் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் அதன் பின்னாலேயே திரிந்தார். வேலைக்கும் போகவில்லை. கோழி போட்டதையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தார். நான் சனிக்கிழமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை சாயந்தரம் அவருடைய சம்சாரம் தண்ணீர் ஊற்ற, அவர் கையைக் கழுவினார். முழங்கையில் அப்பியிருந்த கிரீசில் நட்டு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அவர் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக்கொண்டு போய்க் கோழி முன்னால் குனிந்து, "மன்னிச்சிரு தாயி" என்றார். பேச்சியக்கா அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டது.

அடுத்தது கட்டை. புது ரப்பர் வாங்கி வருகிறேன் என்றேன். "மழைக்கு ரப்பர் ஆகாதுடா. ஈரத்துல எது புடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பெக்டரியில் வெட்டி எறிந்த தோல் பட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்தார். அளந்து, செதுக்கி, நண்டின் கைகளில் உள்ள தகரக் கூடுகளில் இறுக்கிச் செருகினார். அந்தக் கூடு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் முன்னால் இருந்தால்தான், சக்கரம் இழுக்கிற இழுப்பில் கட்டை வெளியே போகாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் பூட்டினார். ஆனால் சுற்றியது பெக்டரியின் பெரிய சக்கரமான ரோதை சுற்றுகிற பக்கம். சைக்கிள் அதற்கு நேர் எதிராக ஓடும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வியாழக்கிழமை கோயில் இறக்கத்தில் விட்டுப் பார்த்தேன். பாதி இறக்கத்தில் பிடியை அழுத்தினேன். நான்கு கட்டையும் சோளம் பொரிந்த மாதிரி நான்கு பக்கம் தெறித்தன. ஒன்று போய்ப் பேச்சியக்காவின் கோழி மேலேயே விழுந்தது. அந்தக் கோழிக்கு அந்த வாரம் ஏழரைச் சனி. நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்தேன். முழங்கால் இரண்டும் தோல் உரிந்தது.

அவர் ஓடி வந்து கானில் இறங்கி, முதலில் நண்டைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம்தான் என்னைத் தூக்கினார். "தப்பு என்னோடது தம்பி. கூட்டு வாய மாத்தி வச்சுட்டேன்" என்றார்.

அன்று ராத்திரிக்குள் கூடுகளைத் திருப்பி, புதுக் கட்டை வெட்டி, எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிவிட்டார். ஆனால் என் மனசு கழன்றுவிட்டது. வெள்ளிக்கிழமை தப்பால் பையைத் தோளில் போட்டு நடந்தே போய் வந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவரிடம் போய், "நான் கவ்வாத்துக்கே போயிடுறேண்ணே. எனக்குத் தெரிஞ்ச வேலதானே" என்றேன். அதைச் சொல்லும்போது அழுதுவிடக்கூடாது என்று கீழே பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு மேல்சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தானையெல்லாம் பூட்டினார்.

"வா. நான் பின்னால குந்துறேன். நிக்காட்டி ரெண்டு பேரும் சேந்தே விழுவோம்."

உள்ளேயிருந்து அவருடைய சம்சாரம் கரண்டியோடு ஓடி வந்தது. "ஐயோ, இந்த மனுசனா? கல்யாணத்துக்கு மறுநாளு எங்கண்ணன் சைக்கிள்ல ஏறச் சொன்னதுக்கு ஏழு மைல்கட்டை தூரம் நடந்தே வந்தாரு! பொறந்ததுலேருந்து சைக்கிள்ல குந்துனதே இல்ல தம்பி!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், தப்பால் பைக்காக ஆபீசில் பூட்டிய கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர் சைக்கிளையெல்லாம் நிறுத்திப் பார்த்த மனிதர், அதில் ஏறப் பயந்துதான் அத்தனையும் செய்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்குத் தூறலில் கோயில் வளைவில் நின்றோம். கீழே பெரட்டுக்களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் பெரியதொரை நின்றார். கணக்கப்பிள்ளை முன்னெச்சரிக்கையாக மேசையை நகர்த்தி வைத்திருந்தார். நிப்பாட்டி அண்ணன் ஏறியதும் கேரியர் அழுதது. இரண்டு கையாலும் என் இடுப்பை வளைத்துப் பிடித்தார்.

"விடு தம்பி."

விட்டேன். இரண்டு ஆள் பாரம். சைக்கிள் பறந்தது. தேயிலைச் செடிகள் பச்சைக் கோடாக ஓடின. காதில் காற்று. அதற்கு நடுவில் முதுகுப் பக்கமிருந்து அவர் முணுமுணுப்பு கேட்டது. பெக்டரி இயந்திரங்களைக் காக்கிற ரோதமுனி சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார். "அப்பா ரோதமுனி, ஒனக்கு ஒரு சேவல் வெட்டுறேன்... ரெண்டு சேவல்... மூணு சேவல்ப்பா!" ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சேவல் கூடியது. அவர் நெஞ்சு என் முதுகில் திக்குத்திக்கென்று இடித்தது. என்னைவிட அவர் பயந்திருக்கிறார் என்று தெரிந்ததும் என் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஊர் கேட்கக் கத்தினேன்.

"புடிக்கிறேண்ணே! கெட்டியாப் புடிச்சுக்கங்க!"

இரண்டு பிடியையும் அழுத்தினேன். நண்டு கவ்வியது. அடேயப்பா, அந்தச் சத்தம்! தோல் கட்டை ஈர ரிம்மில் பிடித்து, "ஊஊஊ" என்று மலைக்கு மலை முட்டி எதிரொலித்தது. சைக்கிள் இழுத்துக்கொண்டு வந்து, சுண்ணாம்புக் கோட்டில் முன் சக்கரம் தொட்டும் தொடாமலும் நின்றது. தொரை ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. பின்வாங்க நேரமில்லை என்பதுதான் உண்மை.

அப்போது மேல் மலையில் ஒரே கலகலப்பு. நிமிர்ந்து பார்த்தால், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக இறங்கி வருகிறார்கள்! பிரேக்குச் சத்தத்தைப் பெக்டரிச் சங்கு என்று நினைத்து, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்கள். முன்னால் வந்தது பேச்சியக்கா. பின்னால் கங்காணி, "சங்கு இல்லடி! சங்கு இல்லடி!" என்று கம்பை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஒருத்தி திரும்பி, "சங்கு இல்லாட்டி ஒங்கம்மாவா கத்துனாங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தாள்.

தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். நண்டைக் குனிந்து பார்த்தார். மீசை துடித்தது.

"நிக்குது," என்றார். "ரொம்ப நிக்குது. தப்பால், நீ போ. நானுஓயா." திரும்பி நடந்தவர் பெக்டரி மூலை தாண்டியதும் வெடித்துச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

கணக்கப்பிள்ளை பெண்களை மறுபடியும் மலைக்கு ஏற்றப் படாத பாடு பட்டார். களம் மெல்ல அடங்கியது. நிப்பாட்டி அண்ணன் மட்டும் இறங்கவில்லை. கண்ணை மூடி, என் முதுகில் முகத்தைப் புதைத்து அப்படியே இருந்தார்.

"தம்பி, நின்னுருச்சா?"

"நின்னுருச்சுண்ணே."

"முழுசா?"

"முழுசா நின்னுருச்சு. எறங்குங்க."

"செத்த இரு தம்பி. என் காலு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

தப்பால் போகிற ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கால் இரண்டும் ஓடி முடிகிற வரைக்கும், பிரேக்குப் பிடியை விடாமல் அவருக்காக அசையாமல் நின்றேன்.