நூறு வருஷத்து அலமாரி

சொந்தப் பிள்ளையைத் தொலைத்துவிட்டு, அதற்காகக் கைதட்டு வாங்கிய தகப்பன் மலாக்காவில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து என் கடைக்கு வரவும். சேர்ந்து அழலாம்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. இதை எழுதும்போதுகூட இரண்டு வரிக்கு ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறேன். (வயது நாற்பத்தேழு. அதனாலும் இருக்கலாம்.)

அப்போது நான் எழுத்தாளன். ஊருக்குள் காகிதமும் மைப்புட்டியும் விற்பேன். மற்ற நேரமெல்லாம் எதிர்காலத்தில் இருப்பேன். கடலுக்கடியில் ஜனங்கள் குடியேறுவது, சந்திரனில் நம்மவர்கள் ஜவுளிக்கடை திறப்பது, மழையைப் போத்தலில் அடைத்துக் கப்பலேற்றுவது, இப்படிப்பட்ட கதைகள். பினாங்கில் ஒரு வாரப் பத்திரிகை, வேறு விஷயம் கிடைக்காத வாரங்களில் அவற்றைப் போட்டது. அதோடு விட்டிருந்தால் நல்லது. நான் அவற்றை நடித்தும் காட்டுவேன். கப்பலும் நானே, கப்பித்தானும் நானே, புயலும் நானே. புயலைப் பிரமாதமாகச் செய்வதாகச் சொன்னவர்கள் உண்டு. (இரண்டு பேர். இருவரும் என் மைத்துனர்கள்.)

எங்கள் வீடு கஜா பெராங்கில். பக்கத்திலேயே மலாக்காச் செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. அவர்கள் முன்னோர் தமிழர், கும்பிடுவது நம் நாட்டுச் சாமிகளை, ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அங்கே கட்டிய புதுக் கூடத்தின் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்தது கடை மலாய். அதை வைத்துக்கொண்டு பென்சில் விற்கலாம், எதிர்காலத்தை விற்க முடியாது. ஆகவே, அந்தக் கம்பத்துச் சின்னையா பிள்ளை நான் சொல்லச் சொல்ல மலாயில் எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு. தமிழர் அரிசிக்கடையில் நிறுவை பார்த்துத் தமிழ் பழகியவர் அவர்.

ஒத்திகையில் அவர் கேட்டார்: "தம்பி, நீ எழுதாதது சொன்னா நான் என்னா செய்ய?"

"மேடையில திடீர்னு எனக்குக் கற்பனை பொங்கும் அண்ணே. நான் என்ன சொன்னாலும் நிறுத்தாதீங்க. நான் அழுதா நீங்களும் அழுங்க."

"போலே," என்றார். முடியும் என்று அர்த்தம். முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

கதை இதுதான். ஒருவன் ஓர் அலமாரி செய்கிறான். அதற்குள் போனவர் நூறு வருஷம் கழித்து வெளியே வருவார். எங்கள் வீட்டு அலமாரியின் பின்பலகையைக் கழற்றி, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை முன்னால் ஒட்டினேன். உள்ளே போகப்போவது என் மகள் ஜைனம்பு. வயது ஏழு. பின்பக்கமாக இறங்கி, திரைக்குப் பின்னால் மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார வேண்டும். நான் மூன்று தரம் தட்டினால் திரும்ப உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அவள் ஓரிடத்தில் இருக்கிற பிள்ளையா? பயமுறுத்தி வைத்தேன்.

"பெட்டிய விட்டு எறங்கினே, அந்தப் பக்கம் நெஜமாவே நூறு வருஷம் ஆயிருக்கும். வாப்பா, உம்மா எல்லாரும் மௌத்தாயிருப்போம். ஒன்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"அப்ப எனக்கு யாரு சோறு போடுவா?"

"யாரும் போட மாட்டாங்க. அதனால எறங்காதே."

என் மனைவி பாத்திமா கேட்டுக்கொண்டிருந்தாள். "புள்ளகிட்ட பேசுற பேச்சா இது? ஒங்க கதைய ஒங்களோட வச்சுக்கங்க," என்றாள். பத்திரிகையில் பெயர் வந்த மனிதன் இதற்கெல்லாம் காது கொடுப்பானா?

சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். கூடம் நிரம்பி வழிந்தது. ஜைனம்பு உள்ளே போனாள். கதவைச் சாத்தினேன். நான் நூறு வருஷத்தைப் பத்து நிமிஷம் வருணித்தேன். சின்னையா பிள்ளை அதையே இருபது நிமிஷம் வருணித்தார். அப்புறம் கம்பீரமாக மூன்று தட்டு. கதவைத் திறந்தேன்.

காலி.

சமாளித்தேன். "இன்னும் வந்து சேரவில்லை, வழி தூரம்!" என்றேன். மறுபடி மூன்று தட்டு. மறுபடி காலி. திரைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தேன். மண்ணெண்ணெய்ப் பெட்டி இருந்தது. அவள் இல்லை. அதற்கு அப்பால் நாலடியில், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு இருந்தது.

மேடைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. "ஐயோ, எம் புள்ளையக் காணோம்! கெணத்தப் பாருங்க!" என்று கத்தினேன்.

சின்னையா பிள்ளை நெஞ்சில் அறைந்துகொண்டார். "அனாக் சாயா ஹிலாங்!" என்று கூடம் அதிர மலாயில் அலறினார். கிணற்றையும் சேர்த்தார், அதன் ஆழத்தைக் கையால் வேறு காட்டினார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"அண்ணே, இது கதை இல்ல! நெஜம்!"

அதையும் மலாயில் சொன்னார். கைதட்டல்.

நானே எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். நான் மலாய் பேசிவிட்ட சந்தோஷத்தில் எழுந்து நின்று தட்டினார்கள். முழங்காலில் விழுந்தேன். சின்னையா பிள்ளையும் விழுந்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு நடிப்பு நான் நடித்ததில்லை. அன்றும் நடிக்கவில்லை.

பாத்திமாவுக்குத்தான் புரிந்தது. என் புயலைப் பதினோரு வருஷமாகப் பார்த்தவள். எனக்கு இவ்வளவு நன்றாக அழ வராது என்பது அவளுக்குத் தெரியும். மேடை ஏறினாள். தாய்ப் பாத்திரமும் வந்துவிட்டது என்று இன்னொரு கைதட்டல்.

"பாவி மனுசா, எங்கடா எம் புள்ள?" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை 'டா' போட்டாள்.

சின்னையா பிள்ளை அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அவர் முகத்தில் அவள் செருப்பு விழுந்தது. அதற்கு மலாயில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இது நாடகமில்லை என்று அப்போதுதான் கூடத்துக்கு உறைத்தது.

அப்புறம் அந்த ஜனங்கள் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஆளுக்கொரு பாதை. சின்னையா பிள்ளை வீங்கிய கன்னத்தோடு இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். பாத்திமா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முங்கி எழுந்து, "இங்க இல்ல," என்றார். மறுபடி முங்கினார். எத்தனை கதையில் எத்தனை பேரை நான் நூறு வருஷம் தள்ளிவிட்டிருப்பேன்! அந்தச் சில நிமிஷங்களைத் தள்ள எனக்குத் தெரியவில்லை.

அவர் மூன்றாம் தரம் முங்கியிருந்தபோது புக்கிட் பாரு சாலையிலிருந்து ஒரு மலாய்க்காரர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஜைனம்பு உட்கார்ந்து வாழைப்பழப் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். 'என் ஆட்கள் எல்லாரும் ரொம்ப நாளைக்கு முன்னாடியே செத்துட்டாங்க' என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அநாதை என்று இரங்கி அவர் பலகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வாப்பா, நீங்க இன்னும் மௌத்தாகலையா?"

"இல்லம்மா."

"நான் ரோட்டுல போய்ப் பாத்தேன். ஒருத்தரையும் தெரியல. அதனால ஆயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"அழுதியாம்மா?"

"இல்ல. அதான் நூறு வருஷம் ஆயிடுச்சே."

பினாங்குப் பத்திரிகைக்கு அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. ஆனால் புகழ் மட்டும் நிற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்துகூட நடிக்க அழைத்துக் கடிதம் வந்தது: 'புயல் வேண்டாம், அந்த அழுகை மட்டும் போதும்.' பாத்திமா அந்தக் கடிதத்தில் அடுப்புப் பற்றவைத்தாள்.

ஜைனம்புக்கு இப்போது பதினைந்து. நான் கடையிலிருந்து வரச் சற்று நேரமானால் கதவைத் திறந்து, "வாப்பா, இன்னும் ஆகலையா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லம்மா," என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். விருந்தாளிகள் இருந்தால் பாத்திமா முழுக் கதையையும் சொல்வாள், செருப்புவரை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, ஜைனம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.