வீரமலையின் முதுகில் காளியாயியின் கட்டி

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. அது யாருக்கு வந்திருக்கிறது என்று தீர்மானிப்பது ஆபீஸின் வேலை. 1959-இல் திருச்சியில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரியில், இந்த இரண்டாவது வேலையை நாங்கள் மிகுந்த சிரத்தையுடன் செய்துவந்தோம். நாங்கள் என்றால், தலைமைக் குமாஸ்தா சௌரிராஜனும் அவருக்கு அடுத்த நாற்காலியில் நானும்.

வையம்பட்டியில் நிலக்கடலை பயிரிடும் வீரமலைக்கு முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவு ஒரு கட்டி. டாக்டர் அறுத்தெடுத்து மதராஸுக்கு அனுப்பினார். பதில் வந்தது: புற்றுநோய் இல்லை. சதையில் வரும் அபூர்வக் கட்டி. பெண்களுக்கு வருவதே அபூர்வம். ஆண்களுக்கு அதிலும் அபூர்வம். மறுபடி முளைக்கலாம். முளைத்ததைக் கவனிக்காமல் விட்டால் கை விளங்காமல் போகும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருஷம், தடவிப் பார்க்கவும்.

இதற்கென்று அச்சடித்த பதிவேடும் வந்து சேர்ந்தது. பெயர், கணவர் பெயர், குழந்தைகள் எத்தனை என்று அதில் கட்டம் போட்டிருந்தது.

"ஏம்ப்பா, இதிலே ஆம்பளைக்கு இடமே இல்லையே" என்றார் சௌரிராஜன்.

"கட்டி எனக்குத்தானுங்களே சாமி வந்திருக்கு."

"வந்திருக்கலாம். யாரைக் கேட்டுண்டு வந்தது? போகட்டும், கல்யாணம் ஆயிடுத்தோ? ஆம்படையா பேர் என்ன?"

"காளியாயிங்க."

பெயர்க் கட்டத்தில் காளியாயியையும், கணவர் கட்டத்தில் வீரமலையையும் எழுதினார். "பார், உன் பேரும் விட்டுப்போகலை, ரூலும் மீறலை."

வீரமலை கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் அப்போது அது சாமர்த்தியமாகத்தான் பட்டது.

ஆறு மாதத்தில் அந்த டாக்டரை மாற்றிவிட்டார்கள். தைரியராஜ் என்று புதியவர் வந்தார். ப்யூன் "காளியாயி" என்று கூப்பிட்டான். எழுந்து வந்த மீசைக்காரரைத் திருப்பி அனுப்பினான். மறுவாரம் வீரமலை மனைவியை அழைத்துவந்தார். அவள் முதுகில் கட்டியும் இல்லை, தழும்பும் இல்லை. "எனக்கில்லீங்க, அவருக்கு" என்றாள். 'நோயாளி தன் நோயைக் கணவர்மேல் சுமத்துகிறார். மற்றபடி தழும்புகூடத் தெரியாத பூரண குணம்' என்று டாக்டர் எழுதினார். மேலிடத்திலிருந்து எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த ஆறு மாதம் முடிவதற்குள், புருஷன் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடும்போது காளியாயியின் கையில் சுண்டைக்காய் அளவு ஒன்று தட்டுப்பட்டது. வீரமலை நடுங்கிப்போனார். ஏர் பிடிக்கிற கை. ஆணுக்கும் ஒரு கட்டம் வேண்டுமென்று மனுக் கொடுத்தார். நாலு மாதத்தில் பதில்: 'பதிவேட்டைக் கூர்ந்து பரிசீலித்ததில், இந்த ஜில்லாவில் ஆண் எவருக்கும் மேற்படி கட்டி வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே கட்டம் அவசியமில்லை.'

காளியாயிக்குப் பொறுமை போய்விட்டது. புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"சீட்டு என் பேருலயே இருக்கட்டுங்க. முதுகு இவரோடது. கைய வச்சுப் பாருங்க."

தைரியராஜ் கையை வைத்தார். முகம் மாறியது. நல்ல மனிதர். 'காளியாயிக்குக் கட்டி திரும்பிவிட்டது' என்று எழுதிவிட்டு, அன்றைக்கே வீரமலையை மேஜையில் படுக்கவைத்து அறுத்தார். கை பிழைத்தது.

இரண்டு வருஷம் கழித்து சௌரிராஜனுக்கே இடது தோளில் ஒரு கட்டி கிளம்பியது. மனிதருக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தைரியராஜையும் அதற்குள் மாற்றியிருந்தார்கள்.

"ஸ்வாமி, நேரே போய்ப் புது டாக்டர்கிட்டே தோளைக் காட்டுமே. வீரமலைக்குப் பார்க்கலையா?" என்றேன்.

"எந்த வீரமலை? அப்படி ஒரு பேஷண்டே நம்ம ரிகார்டில் கிடையாதே, ஓய்."

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மனைவி வேதவதியை அழைத்துவந்து வரிசையில் நிறுத்தினார். டாக்டர் அந்த அம்மாளின் தோளைத் தடவிப் பார்த்து, கட்டி ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சௌரிராஜன் அதை இரண்டு தரம் படித்தார்.

"பெருமாள் காப்பாத்தினார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார். எனக்கும் மனசு லேசாயிற்று. சீட்டில் முத்திரை குத்தினேன்.