மாமாவுக்கு நடு நாற்காலி

மச்சான் இருளப்பன் தேத்தண்ணிக் கோப்பையை விரல் நுனியால் தள்ளி வைத்ததும் கிருஷ்ணகுமார் மனைவியைப் பார்த்தார்.

"குடிங்கண்ணே. உங்களுக்குப் புடிச்ச மாதிரி சீனி கூடப் போட்டிருக்கேன்," என்றாள் ஜீவராணி.

"வேணாம்."

"அப்ப கேசரியாச்சும்..."

"ஒன்னும் வேணாம்மா. வவுறு நெறஞ்சிருக்கு."

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற அந்த றப்பர் தோட்டத்தில், தங்கை வீட்டுத் தேத்தண்ணியை அண்ணன் தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபம். வாயால் சண்டை பிடிக்கிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். கை நனைக்காமல் எழுந்து போகிறவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கிருஷ்ணகுமாருக்கு இதில் முன் அனுபவம் உண்டு. மகள் ஷாமிளாவின் சடங்கு வீட்டில், தாய்மாமன் இருளப்பன் கொண்டுவந்த சீர்த் தட்டை யாரோ அவசரத்தில் பின் வரிசையில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு விருட்டென்று எழுந்து போன மனிதர், ஷாமிளா பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி வந்த பிறகுதான் திரும்பி வந்து இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இடைப்பட்ட வருஷங்களெல்லாம் ஜீவராணி, கூடப் பிறந்த ஒரே அண்ணனை நினைத்து அழுதாள். அவள் அழுததற்கெல்லாம் கிருஷ்ணகுமார்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

இப்போது அதே ஷாமிளாவுக்குப் பட்டமளிப்பு விழா. அந்தத் தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கப் போகிற முதல் பிள்ளை. நல்ல செய்தியை மாமாவிடம் முறையாகச் சொல்ல வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விழா விதிகளைப் போனைப் பார்த்து அவள் வாசித்தாள். ஒருவருக்கு இரண்டு அழைப்பு அட்டைதான். சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பேராசிரியர்களின் ஊர்வலம் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிவிடுவார்கள். கடைசியில் தேசிய கீதம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள்.

வாசித்து முடித்ததும்தான் மாமாவின் முகம் மாறியது. கோப்பையும் நகர்ந்தது.

"ரெண்டு கார்டுன்னா அப்பாவும் அம்மாவும் போயிட்டு வாங்க. அதுதானே நியாயம்," என்று சொல்லிக்கொண்டே இருளப்பன் எழுந்தார். "நான் வெறும் தாய்மாமன்தானே."

அவர் வாசலைத் தாண்டியதும் ஜீவராணி மூக்கைச் சிந்தினாள்.

"கேட்டீங்களா? வெறும் தாய்மாமன்னு சொல்லிட்டுப் போறாரு. இத யாரு இப்ப வாசிக்கச் சொன்னது?"

"வாசிச்சது ஒம் மகள்."

"வாசிக்க விட்டது நீங்க!"

மறுநாள் கிருஷ்ணகுமார் புகைக்கூடத்தில் றப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்ட கையோடு, உடம்பெல்லாம் புகை மணக்க, கீழ் டிவிஷனில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு இறங்கிப் போனார். மகள் மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு உயிர் துடித்தது. ஆனாலும் குடும்பம் உடையக் கூடாதே.

"மச்சான், என் கார்ட நீங்க எடுத்துக்கோங்க. நான் வெளிய வேன்ல இருக்கேன்."

இருளப்பன் பதறிப்போனார். "என்ன மாப்ள இது? பெத்த தகப்பன வெளிய ஒக்கார வச்சிட்டு நான் உள்ள போறதா? தோட்டத்துல என்னயப் பத்தி என்ன பேசுவாங்க? நான் வரல மாப்ள. மனசாரச் சொல்றேன், வரல."

மனசாரச் சொல்கிறேன் என்று ஒருவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் உள்ளே ஏதோ எரிகிறது என்றுதான் அர்த்தம். கிருஷ்ணகுமார் வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக்கொண்டார். அவளும் பாவம், யார் யாரிடமோ கேட்டு, கடைசியில் கூடப் படித்த பஸ்னாவிடம் ஒரு அட்டை வாங்கிவிட்டாள். பஸ்னாவின் வாப்பா கட்டாரில். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அட்டையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகுமார் மறுபடியும் கீழ் டிவிஷனுக்கு ஓடினார்.

"மூனு கார்டு மச்சான்! இனி ஒரு பிரச்சினையும் இல்ல."

இருளப்பன் அட்டையை வாங்கினார். அதை முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது அடுத்தவங்க கார்டுல்ல?"

"அப்பன்னா நீங்க எங்க கார்ட வச்சிக்கோங்க. நான் இதுல வாறேன்."

இருளப்பன் வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி மாப்ள, ஒன்னு கேக்குறேன். பட்டம் வாங்குறப்ப கறுப்பா ஒரு அங்கி போடுவாங்கள்ல? அது துணி. பொண்ணுக்கு நல்ல நாளுல துணி போர்த்துறது யாரு?"

"தாய்மாமன்."

"ஆங். அந்த அங்கிய நான்தான் போர்த்தணும். நாலு பேர் பார்க்க, சபையில. முடியும்னா வாறேன். முடியாதுன்னா ஒன்னும் வருத்தமில்ல, நான் வீட்லயே இருந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு, வழக்கில் வென்றவரைப்போல வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஷாமிளா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அது வாடகைக்கு எடுக்கிற அங்கி. நாங்களே போட்டுக்கிட்டு வரிசையில நிக்கணும். சடங்கு வீடாப்பா அது?"

"தெரியும்மா. ஆனா ஒங்கம்மாவப் பாரு."

ஷாமிளா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, போன தடவை விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கியிருந்தாள். மகள் பெருமூச்சு விட்டாள். மண்டபத்து முற்றத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் அங்கி போடுவார்கள் என்றும், அங்கே தாய் தகப்பன்மாரெல்லாம் கூட்டமாக நிற்பார்கள் என்றும், அதைச் சபை என்று ஒத்துக்கொண்டால் மாமா வந்து போர்த்தலாம் என்றும் சொன்னாள்.

செய்தி கேட்டு இருளப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க மச்சான்."

"நெசமாவா?"

"புள்ள மேல சத்தியமா."

இருளப்பன் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சரி. என்ன செய்ய. வாறேன்," என்றார்.

அந்த 'என்ன செய்ய' கிருஷ்ணகுமாரைத் தூங்கவிடவில்லை.

விழா நாள் காலையில், வாடகைக்குப் பேசியிருந்த ஆஸிக்கின் வேன் லயத்து வீடுகளின் முனைக்கு வந்தது. இருளப்பன் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் தேங்காய்ப் பழத் தட்டோடு நின்றார். கிருஷ்ணகுமார் ஓடிப்போய் முன் சீட்டின் கதவைத் திறந்துவிட்டார். ஜீவராணி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

"வேணாம்மா."

"தண்ணியாச்சும் ஒரு வாய்?"

"வேணாம்னு சொல்றேன்ல!"

ஜீவராணி பின் சீட்டில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஷாமிளா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டம் வாங்கப் போகிற வேனில் பாட்டு ஒன்றைப் போடுவதற்கு ஆஸிக்குக்கும் துணிவு வரவில்லை.

அவிசாவளையில் ஒரு பிள்ளையார் கோயில் தெரிந்தது. "தம்பி, நிப்பாட்டுங்க. சாமி கும்பிட்டுட்டு வாறேன்," என்று இருளப்பன் இறங்கி, கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். வர நேரமானது. அடுத்து ஒரு புத்த விகாரை வந்தது. அங்கேயும் நிறுத்தச் சொன்னார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிவாசலைக் கண்டதும், யாரும் சொல்லாமலே ஆஸிக் வேனை ஓரங்கட்டினான்.

"பள்ளிவாசலுக்குமா மச்சான்?" என்றார் கிருஷ்ணகுமார்.

"எல்லாச் சாமியும் ஒன்னுதான் மாப்ள," என்றபடி இருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

மனிதர் எல்லா மதத்துக் கடவுளிடமும் தன் மேல் முறைப்பாடு வைக்கிறார் என்றே கிருஷ்ணகுமாருக்குத் தோன்றியது. வழியில் ஒரு கடையில் தெம்பிலி வெட்டச் சொல்லி, இளநீரை நீட்டிக் கெஞ்சிப் பார்த்தார். இருளப்பன் பாம்பைக் கண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண்டபத்து முற்றத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இருளப்பன் அங்கியை விரித்து ஷாமிளாவின் தோளில் போர்த்தினார். பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளைகளின் தாய்மார், "அனே, ஷோக்" என்று மெச்சிக்கொண்டே போன்களைத் தூக்கிப் படமெடுத்தார்கள். இருளப்பனின் கண் கலங்கியிருந்தது. கோபம் ஆறிவிட்டது என்று கிருஷ்ணகுமார் நினைத்தார்.

உள்ளே போனதும் அந்த நினைப்பு பொடிப்பொடியானது.

"நான் இங்கயே இருந்துக்கிறேன்," என்று இருளப்பன் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அங்க ஏன் மச்சான்? வாங்க, நடுவுல நல்ல எடம் இருக்கு."

"ஓரமே போதும் எனக்கு."

ஓரமே போதும்! சீர்த் தட்டைப் பின் வரிசையில் வைத்ததற்கு இது பதில் என்று கிருஷ்ணகுமாருக்குப் புரிந்தது. ஊரார் முன்னால் தன்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று காட்டுகிறார். விடக் கூடாது. கிருஷ்ணகுமார் ஒரு கையையும் ஜீவராணி மறு கையையும் பிடித்து, இருபது முழங்கால்களைத் தாண்டி, வரிசையின் நட்டநடுவில் அவரை உட்கார வைத்தார்கள். அவருக்கு இரு பக்கமும் இவர்கள்; அதற்கப்பால் இந்தப் பக்கம் பட்டம் வாங்கும் ஒரு புத்த பிக்குவின் பருமனான குடும்பத்தார், அந்தப் பக்கம் குழந்தையோடு ஒரு அம்மா. கதவு பூட்டும் சத்தம் கேட்டது. இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சுகள் தொடங்கின. ஒருவர் பேசி உட்கார்ந்ததும் அடுத்தவர் எழுந்தார். இருளப்பனின் முழங்கால் படபடவென்று ஆடியது. நெற்றி வேர்த்துக் கொட்டியது.

கிருஷ்ணகுமார் அவர் காதருகே குனிந்தார். "மச்சான், அந்தத் தட்டு விஷயம்... வேணும்னு செஞ்சதில்ல."

"அதெல்லாம் மறந்தாச்சு," என்றார் இருளப்பன் பல்லைக் கடித்தபடி.

"மறந்த மாதிரி தெரியலயே மச்சான்."

"மாப்ள, கொஞ்ச நேரம் என்னோட பேசாம இருங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

கிருஷ்ணகுமார் மனைவியைப் பார்த்தார். அவளும் கேட்டுவிட்டாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அந்த நேரத்தில்தான் பெயரை வாசித்தார்கள். கிருஷ்ணகுமார் ஷாமிளா. தன் பெயரும் சேர்ந்து ஒலிபெருக்கியில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. பனிக்காலத்தில் றப்பர்ப் பால் வெட்டப் போன அம்மாவுக்கு லாம்பு பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, கறுப்பு அங்கியில் நிமிர்ந்து நடந்து வந்து, குனிந்து, பட்டத்தை வாங்கியது. கிருஷ்ணகுமார் வாய்விட்டு அழுதார். மச்சானும் கோபமும் சீர்த் தட்டும் அந்த நிமிஷம் அவருக்கு ஞாபகமே இல்லை. திரும்பிப் பார்த்தால், முழு மண்டபத்திலும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தவர் இருளப்பன் ஒருவர்தான். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

தேசிய கீதம் முடிந்தது. கதவு திறந்தது. அடுத்த கணம் இருளப்பனைக் காணோம். முழங்கால்களையும் குழந்தையையும் தாண்டி, யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார். கிருஷ்ணகுமார் பின்னால் ஓடினார். கூட்டத்தில் வெள்ளை வேட்டி ஒன்று கட்டடத்து மூலையில் திரும்பி மறைவதைத்தான் கண்டார்.

"போயிட்டாரா?" ஜீவராணி மூச்சிரைக்க வந்தாள். "புள்ளைய ஒரு வார்த்த வாழ்த்தாமயே போயிட்டாரா?"

"முடிஞ்சிச்சு ராணி. இந்தத் தடவ நெசமாவே முடிஞ்சிச்சு."

பட்டச் சுருளோடு சிரித்துக்கொண்டு ஓடிவந்த ஷாமிளா, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டாள். "மாமா எங்க?" என்று கேட்டாள். ஜீவராணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தன் நாளில் கூடத் தன் வீட்டில் சண்டைதானா என்று அவள் உதடு பிதுங்கியது. வேனருகே நின்ற ஆஸிக் தண்ணீர்ப் போத்தலோடு வந்து சங்கடமாக நின்றான்.

அப்போதுதான் மூலையிலிருந்து இருளப்பன் வந்தார். முகம் கழுவியிருந்தார். இளமை திரும்பியதுபோல நடை. வந்ததும் வராததுமாக ஷாமிளாவின் தலையில் இரண்டு கையையும் வைத்தார்.

"என் தங்கமே! எங்க குடும்பத்துக்கே வெளக்கேத்திட்டம்மா!"

பிறகு கிருஷ்ணகுமாரை இறுகக் கட்டிக்கொண்டார். ஆஸிக்கின் கையிலிருந்த போத்தலை வாங்கி, மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். தங்கையிடம் திரும்பி, "பிளாஸ்க்ல தேத்தண்ணி மிச்சமிருக்கா? சீனி இல்லாம இருந்தா ஒரு கப் தாம்மா," என்றார்.

ஜீவராணி சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணனும் தங்கையும் மருமகளும் படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள். கிருஷ்ணகுமாருக்கு, தலையில் சுமந்த பால் வாளியை இறக்கி வைத்ததுபோல இருந்தது. கையோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. அட்டை தேடியது, அங்கிக்கு வழி பண்ணியது, நட்டநடுவில் உட்கார வைத்தது, எல்லாம் அவர் வேலையல்லவா?

"பார்த்தீங்களா தம்பி," என்றார் ஆஸிக்கிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மனுசனுக்கு எம்புட்டுக் கோவம் இருந்திச்சு. மரியாதையா நடத்துனதும் எப்புடி ஆறிப்போச்சு!"

ஆஸிக் வெற்றுப் போத்தலைப் பார்த்தான். பிறகு கிருஷ்ணகுமாரைப் பார்த்தான்.

"கோவமா? அவருக்குச் சீனி வியாதி அண்ணே, அரை மணிக்கு ஒருக்கா ஒன்னுக்கு ஒதுங்கணும். கதவப் பூட்டுற எடத்துக்கு வராம இருக்க என்ன சாக்குச் சொன்னாலும் மாப்ள வழி கண்டுபிடிச்சிட்டு வந்து நிக்கிறாருன்னு, 'வேன் பழுதுன்னு சொல்லிருங்க தம்பி'ன்னு நேத்து என் கையப் புடிச்சிக் கெஞ்சுனாரு."