காம்பவுண்டைத் தாண்டாத செடி

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: ஜகதீசன், அவர் மனைவி அன்னபூர்ணி, பக்கத்து வீட்டு லக்ஷ்மம்மா, மகளின் சிநேகிதி அக்ஷதா, கொலு பார்க்க வந்த வேறு பன்னிரண்டு பெண்கள். ஆக மொத்தம் பதினாறு. கூடத்துப் படத்தில் மாலையோடு இருந்த மகள் மஹதியைச் சேர்ப்பதா விடுவதா என்று ஜகதீசன் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சேர்க்கவில்லை.

மகள் காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போனதிலிருந்து பரணில் கிடந்த பொம்மைகளை அன்னபூர்ணி இந்தத் தசராவுக்குத்தான் இறக்கினாள். ஜகதீசனுக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் சம்மதம் கறிவேப்பிலை மாதிரி. தாளிக்கும்போது போடுவார்கள், சாப்பிடும்போது ஒதுக்குவார்கள்.

அவர் ஆட்சி செல்லுபடியான ஒரே இடம் காம்பவுண்டு ஓரத்து அகலத் தொட்டி. மஹதி தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த செடி. ரோஜா மாதிரி இலையடுக்கு, இலையெல்லாம் சதை. அவள் தண்ணீர் ஊற்ற மறந்துகொண்டே இருப்பாள். அது செழித்துக்கொண்டே இருந்தது.

அவள் போன பிறகு ஜகதீசன் ஒரு வேளையும் மறக்கவில்லை. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. குட்டி போட்டுக் குட்டி போட்டுத் தொட்டியில் முப்பத்தொரு செடி ஆயிற்று. ஒன்றுகூடக் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் சபதம். மகளைத்தான் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவள் செடியையாவது முழுசாக வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம். அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. லக்ஷ்மம்மா ஒருமுறை ஒரு குட்டி கேட்டபோது, அது விஷச்செடி, மாடு தின்றால் செத்துப்போகும் என்றார். எங்கள் வீட்டில் மாடு இல்லையே என்று அந்தம்மாள் சொல்ல, இவர் உள்ளே போய்விட்டார்.

பிரித்து நடாவிட்டால் அழுகிப்போகும் என்று அன்னபூர்ணி பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் பதிலுக்குச் செடிகளை எண்ணிக் காட்டுவார். சித்திரைக்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அதனால்தான் கொலுவன்று அவள் சொன்னது அவருக்குத் தேனாக இருந்தது.

"என்னங்க, நான் உள்ளே குங்குமம் கொடுத்து அனுப்பறேன். நீங்க வாசல்ல நின்னு ஆளுக்கொரு பை எடுத்துக் கொடுங்க. தொட்டிக்குக் காவல் இருந்த மாதிரியும் ஆச்சு."

நாற்காலியைத் தொட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், வளையல், தேங்காய் எல்லாம் போட்டு வாய் கட்டிய துணிப்பைகள். கை வலிக்கும் கனம். இந்த வருஷம் தேங்காய் பெரிதோ என்று உள்ளே பார்த்துக் கேட்டார். நல்ல முற்றல் என்று பதில் வந்தது.

போகிற ஒவ்வொருத்தியின் கையையும் கவனித்தார். லக்ஷ்மம்மாவின் கையை இரண்டு தரம் கவனித்தார். அந்தம்மாள் ஏனோ சிரித்துக்கொண்டே போனாள். ஒரு கையும் தொட்டிப் பக்கம் நீளவில்லை.

கடைசியாகக் கிளம்பிய அக்ஷதா வாசல் கேட் அருகில் நின்று பையை அவிழ்த்தாள். தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் மண். மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன இலை ரோஜா.

"அங்கிள், இது மஹதியோட கிட அல்வா, அவ செடிதானே?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. கொட்டாங்கச்சியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் அங்கிள். நீங்களே கொடுத்தீங்க."

வெற்றிலை பாக்கோடு கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் தெருமுனை திரும்பியதும் தொட்டியை எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றேதான்.

"எங்கேர்ந்து வந்தது அது?" என்றார் மனைவியிடம்.

"அடியிலேர்ந்து. செடிக்கு ஒரு இலை கிள்ளினேன். மண்ணுமேல போட்டா அதுவே வேர் விடுது. லக்ஷ்மம்மா மாடியில வளர்த்தோம்."

"என்னைக் கேக்காமலா?"

"நீங்க எண்ணினது செடியை. இலையை எண்ணலை."

ஜகதீசன் மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

"இந்தத் தொட்டி தாங்காதுங்க," என்றாள் அவள், குரலைத் தணித்து. "அவளையும் இப்படித்தான் ஒரே இடத்துல பொத்தி வச்சிருந்தோம். என்ன ஆச்சு?"

அன்றிரவு பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. வெறித்த பிறகு ஜகதீசன் தொட்டியருகே போனார். ஓரத்துச் செடி ஒன்று சாய்ந்திருந்தது. நிமிர்த்தினார். கையோடு வந்துவிட்டது. தண்டு கறுத்து, இலைகள் தண்ணீராய்க் கசிந்தன. அடுத்ததைத் தொட்டார். அதுவும். அதற்கடுத்ததும். ஊற்றி ஊற்றி அவர் வளர்த்தது அத்தனையும் அடியில் எப்போதோ அழுகிவிட்டிருந்தது. முப்பத்தொன்று வரை எண்ணினார். எண்ணுவதில் ஒரு தவறும் இல்லை.

மண் கையோடு வாசற்படியில் உட்கார்ந்தார். அன்னபூர்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய், கொலுவுக்குப் பின்னாலிருந்து வாய் கட்டிய ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, குனிந்து அவர் மடியில் வைத்தாள். அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு டஜன் பச்சை வளையல், தேங்காய், ஒரு கொட்டாங்கச்சி.

"யாருக்கு வச்சது?" என்றார்.

"வந்தவங்க பதினாலு பேர். கட்டினது பதினஞ்சு பை. இப்படி ஆகும்னு தெரியும்," என்றாள். "தண்ணி மட்டும் நான் சொன்னாத்தான்."

மிச்சம்: ஒன்று.